பழைய சேலை, சாறம், வெட்டுத்துண்டு: வீட்டிலேயே போர்வை தைக்கலாம்

எமது வீடுகளில் எது இருக்கிறதோ இல்லையோ, பழைய உடுப்பு மூட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நகையை விற்றோம், சைக்கிளை வழியில் விட்டோம், கூரைத் தகரத்தையும் இழந்தோம். துணி மூட்டை மட்டும் எப்படியோ கூடவே வந்து சேர்ந்தது. முகாமில் அதுவே தலையணை, அதுவே வாசல் மறைப்பு. 2009இற்குப் பிறகு ஊர் திரும்பி இத்தனை ஆண்டுகளான பின்னும் அந்த மூட்டை அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்குக் கீழேயோ கிடக்கிறது. உடுக்கவும் முடியாது, எறியவும் மனம் வராது.

சகோதரிகளே, அந்த மூட்டையை அவிழ்த்து என்ன செய்யலாம் என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதில் வருபவை ஒரு கிராமத்து முன்பள்ளிக் கட்டடத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில், பதினான்கு பெண்களோடு கூட இருந்து அறிந்துகொண்டவை. தைக்கத் தெரிந்தவளாக நான் அங்கே போகவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு ஊசியில் நூல் கோர்த்து முடிச்சுப் போடவே அங்கிருந்த அம்மாமார்தான் பழக்கினார்கள். எனவே கற்பித்தது அவர்கள், எழுதுவது மட்டுமே நான்.

ஒட்டுத்துணிப் போர்வையை ஆங்கிலத்தில் குயில்ற் என்று அழைக்கிறார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் வேலை எமக்குப் புதிதல்ல. மேலே ஒரு துணி, நடுவில் ஒரு துணி, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஒன்றாகப் பிடித்துத் தைத்துவிட்டால் அதுதான் குயில்ற். குளிர் நாடுகளில் நடுவில் பஞ்சு அல்லது கம்பளி வைப்பார்கள். எமது வெக்கைக்கு அது தேவையில்லை. தேய்ந்து மெதுமையான ஒரு பழைய பெட்சீற் போதும். மார்கழி, தை மாதப் பனிக்கும் அது தாங்கும்.

துணியைத் தெரிவு செய்தல்

முதல் வேலை மூட்டையை மூன்றாகப் பிரிப்பது. பருத்தித் துணி ஒரு பக்கம். நைலெக்ஸ், பொலியெஸ்டர் போன்றவை இன்னொரு பக்கம். ரீசேட், பனியன் போல இழுபடும் துணிகள் மூன்றாவது பக்கம். இந்த மூன்றையும் ஒரே போர்வையின் மேல்பக்கத்தில் கலந்து தைத்தால், இரண்டு கழுவலில் ஓரிடம் சுருங்கி, ஓரிடம் தொங்கி, போர்வை அலைபோல நெளிந்துவிடும். ஆரம்பத்தில் பருத்தியோடு மட்டும் நிற்பது நல்லது. வொயில் சேலை, நூல் சேலை, சாறம், பள்ளிக்கூடச் சட்டை, பெட்சீற் எல்லாம் இதற்கு உகந்தவை. இழுபடும் துணிகளை எறிய வேண்டாம். அவற்றை நடு அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

எது பருத்தி என்று கண்ணால் தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து இரண்டு நூலிழைகளை உருவிச் சாவணத்தால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணி போல இறுகும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது, ஒரு தண்ணீர்ச் சிரட்டையை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

தையல்காரரிடமும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அருகிலும் வெட்டுத்துண்டுகள் கிடைக்குமானால் அவையும் உதவும். சாக்கை அப்படியே வாங்காமல், கொஞ்சம் கொட்டிப் பார்த்து வாங்க வேண்டும். மேலே நல்ல பருத்தியும் அடியில் முழுக்க இழுபடும் துணியுமாக வந்த சாக்கு ஒன்றை நாங்கள் ஒருமுறை சுமந்துகொண்டு வந்தோம்.

துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் கழுவிக் காய வைக்க வேண்டும். பழைய துணி என்றாலும் பெட்டியில் கிடந்த கஞ்சிப் பசையும் பூச்சி முட்டையும் போக வேண்டும். புதிய வெட்டுத்துண்டு என்றால் அது சுருங்குகிற அளவுக்கு முதலிலேயே சுருங்கிவிட வேண்டும். அடுத்தது சாயம். இதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து வெள்ளையும் சிவப்புமாக ஒரு கட்டில் விரிப்புக் கேட்டிருந்தார்கள். ஒரு அம்மா தனது நல்ல சிவப்பு நூல் சேலையையே கொண்டுவந்து தந்தார். எட்டுப் பேர் ஒரு மாதம் தைத்தோம். கொடுத்து மூன்றாம் கிழமையே அது திரும்பி வந்தது. ஒரு கழுவலில் வெள்ளைச் சதுரமெல்லாம் றோஸ் நிறமாகிவிட்டது. காசு தரவில்லை, தரவேண்டும் என்று கேட்கவும் எங்களுக்கு வாயில்லை. அந்த விரிப்பில்தான் முன்பள்ளிப் பிள்ளைகள் பிறகு பல காலம் உட்கார்ந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கு இதுதான். சிவப்பு, கடும் நீலம், கறுப்பு, கத்தரிப்பூ நிறம் எதுவானாலும், ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடான மின்னழுத்தியால் அழுத்துவோம். வெள்ளையில் நிறம் ஒட்டினால் இன்னும் இரண்டு முறை கழுவுவோம். அப்போதும் ஒட்டினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்ப்பதில்லை. உப்புத் தண்ணீரிலோ வினாகிரியிலோ ஊறப்போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று பலரும் சொல்வார்கள். கடைத்துணியின் சாயத்துக்கு அதை நம்ப முடியாது. நாங்களும் உப்பில் ஊறவைத்துத்தான் அந்தச் சிவப்பைத் தைத்தோம்.

முதற் போர்வை

முதன்முதலில் பெரிய கட்டில் விரிப்பில் கை வைக்காதீர்கள். பாதியில் மனம் விட்டுப்போகும். ஒரு குழந்தைப் போர்வை தைத்தால் எல்லா வேலையும் பழகிவிடும், ஒரு மாதத்துக்குள் கையில் ஒரு பொருளும் இருக்கும்.

தடித்த மட்டையில் 5½ அங்குலச் சதுரம் ஒன்றைச் சரியாக வெட்டி எடுங்கள். இந்த மட்டைதான் எல்லாவற்றுக்கும் அளவு. துணியில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு 63 சதுரங்கள் வெட்டுங்கள். துணியின் இழை நேராக ஓடும் பக்கமும் மட்டையின் விளிம்பும் ஒன்றாக இருக்க வேண்டும். குறுக்காக வெட்டிய சதுரம் இழுபட்டுக் கோணலாகும். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் ½ அங்குலம் விட்டால், தைத்து முடிந்ததும் ஒவ்வொரு சதுரமும் 4½ அங்குலம் நிற்கும். வெளிநாட்டுப் புத்தகங்களில் ¼ அங்குலம் விட்டால் போதும் என்றிருக்கும். அது இறுக்கமான புதிய துணிக்குச் சரி. பழைய வொயில் சேலை இழை பிரியும், அதற்கு ½ அங்குலம் வேண்டும்.

வெட்டிய சதுரங்களை நிலத்தில் 7 நிரலும் 9 வரிசையுமாகப் பரப்பி, எட்ட நின்று பாருங்கள். கடும் நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று என்று மாறி மாறி வந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். எங்கள் குழுவில் அதிக நேரம் போவது இந்த இடத்தில்தான். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சளா ஊதாவா என்று ஒரு பின்னேரம் முழுவதும் வழக்குப் பேசியிருக்கிறோம். போகட்டும் என்று நான் விட்டுவிடுவேன். நிவாரணப் பொருட்களில் வந்த நிறத்தையே உடுத்தி வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த நிறத்துக்காகச் சண்டை பிடிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோசம்.

பிறகு ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 7 சதுரங்களை ஒன்றோடொன்று தைத்து இணையுங்கள். மெசின் இருந்தால் சுகம். இல்லாவிட்டால் கைத்தையல் போதும். பொட்டுப் பொட்டாக நூலோடிக்கொண்டு போய், நாலைந்து தையலுக்கு ஒருமுறை பின்னுக்கு ஒரு தையல் போட்டால் பிரியாது. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமும் சாய்த்து அழுத்துங்கள். அப்போது வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நேராக வரும். ஒன்பது வரிசையும் சேர்ந்ததும் மேல்பக்கம் ஏறத்தாழ 31½ அங்குல அகலமும் 40½ அங்குல நீளமும் இருக்கும்.

அடித்துணிக்குச் சேலையில் ஒரு யார் வெட்டினால் கணக்குச் சரியாக வரும். சேலையின் அகலம் 45 அங்குலம், ஒரு யார் 36 அங்குலம். சுற்றிவரக் கொஞ்சம் மிஞ்சும், அது ஓரத்துக்குத் தேவை. கூட்டித் துடைத்த சீமெந்துத் தரையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, நாலு மூலையிலும் பாரம் வையுங்கள். அதற்கு மேல் பெட்சீற். அதற்கு மேல் சதுரங்கள் தைத்த துணி, நல்ல பக்கம் மேலே இருக்க. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் தடவிச் சுருக்கம் எடுத்து, ஒரு சாணுக்குள் இரண்டு என்ற கணக்கில் ஊக்குக் குத்துங்கள். ஊக்குப் போதாவிட்டால் நீளத் தையலாக நூலோடிப் பிடிக்கலாம், பிறகு உருவிவிடலாம்.

இனி மூன்று அடுக்கையும் ஊடுருவி நூலோட வேண்டும். இதையும் நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி குவிந்து நிற்கும். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும், தையல் கோட்டிலிருந்து ½ அங்குலம் உள்ளே ஒரு சதுரமாக நூலோடினால் முதல் போர்வைக்குப் போதும். தையல் சின்னதாக இருக்க வேண்டும் என்று கண்ணைக் கெடுக்காதீர்கள். ஒரே அளவாக இருந்தால் அழகு தானாக வரும். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணி தைக்கவே வேண்டாம்.

கடைசி வேலை ஓரம். மேல் துணியோடு ஒட்ட நடுத்துணியை வெட்டிவிட்டு, அடித்துணியை மட்டும் சுற்றிவர 1 அங்குலம் மிஞ்ச விட்டு வெட்டுங்கள். மிஞ்சியதைப் பாதியாக மடித்து, இன்னொருமுறை மடித்து மேல்பக்கத்தில் கொண்டுவந்து கரைத்தையல் போட்டால் ஓரம் முடிந்தது.

குழந்தைப் போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நித்திரையில் தளர்வாக எதையும் போர்த்துவது மூச்சுக்கு ஆபத்து. அதுவரை, குழந்தை விழித்திருக்கும்போது கிடந்து விளையாடும் விரிப்பாக அதைப் பயன்படுத்தலாம். பொத்தான், மணி எதுவும் வைத்துத் தைக்க வேண்டாம்.

மெசினும் இல்லை, மட்டை வைத்து வெட்ட நேரமும் இல்லை என்பவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்திகள் என்றொரு மக்கள் வாழ்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவண்டி என்று பெயர். ஒரு பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றிக்கொண்டே வருவார்கள். கையில் கிடைத்த துண்டின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து, அடித்துணியோடு சேர்த்து நூலோடுவார்கள். ஒரு துண்டு முடியுமிடத்தில் அடுத்த துண்டு. இப்படிச் சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடியும். துண்டு இணைப்பதும் அடுக்குச் சேர்ப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது. கடைசியில் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணி வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்று சொல்வார்கள், பூ இல்லாத கவண்டி அம்மணம் என்பது அவர்கள் பேச்சு. எங்கள் குழுவில் கண்பார்வை குறைந்த ஒரு ஆச்சி இந்த முறையில்தான் தைக்கிறார். அளவு பார்க்கும் வேலை இதில் இல்லை.

மிஞ்சிய சின்னத் துண்டுகளில் சட்டி இறக்கும் பிடிதுணி தைக்கலாம், நடுவில் பழைய துவாய்த் துண்டு வைத்து. இதற்குப் பொலியெஸ்டர் கலந்த எதுவும் ஆகாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். சேலைக் கரைகளை நீள நாடாவாக வெட்டி, நடுவில் ஒரு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றித் தைத்தால் குஷன் உறை வரும். சந்தைக்குக் கொண்டு போகும் பையும் இப்படித்தான்.

விலை என்று வரும்போது

தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுப்பதுதான் பெண்களுக்கான வாழ்வாதாரம் என்று எமது திட்டங்களில் எழுதி வைத்துவிட்டோம். அந்த மெசினில் தைத்ததை யார் வாங்குவார், என்ன விலைக்கு என்று எழுதுவது குறைவு. இந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு. எங்களிடம் முதலில் குழந்தைப் போர்வை வாங்க வந்த கடையொன்றுக்கு விலை சொன்னவள் நான்தான். துணி பழையது, நூலுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று கூட்டி, மேலே கொஞ்சம் வைத்துச் சொன்னேன். "சும்மா இருக்கிற நேரத்தில தைக்கிறதுதானே" என்றும் என் வாயால் சொன்னேன்.

அப்போது ஒரு அக்கா எழும்பி, "மிஸ், நான் எந்த நேரம் சும்மா இருக்கிறன் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டார். விடிய நாலு மணிக்கு எழும்பி, தோட்டக் கூலிக்குப் போய், பின்னேரம் தண்ணி அள்ளி, பிள்ளைக்குப் பாடம் சொல்லி, அதற்குப் பிறகு தைக்கிறவர் அவர். எனக்கு மறுமொழி இல்லை.

அடுத்த போர்வைக்கு எல்லோரும் கொப்பியில் நேரம் எழுதினார்கள். வெட்ட 3 மணித்தியாலம், சதுரம் இணைக்க 11, மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட 14, ஓரம் மடிக்க 3. மொத்தம் 31 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு நாள் என்று வைத்தால், கிட்டத்தட்ட நாலு நாட்கூலி. நான் சொன்ன விலையில் நூலும் பஸ்ஸும் போக, ஊரில் வெங்காயம் நடும் ஒரு நாட்கூலி கூட மிஞ்சியிருக்கவில்லை. இப்போது எங்கள் விலை நாலு நாட்கூலியும் செலவும். வாங்குபவர் குறைவு. ஆனால் வாங்குகிறவருக்கு அந்தக் கொப்பியைக் காட்டுகிறோம். விற்பதற்கென்று தைக்கும் சகோதரிகள் முதல் நாளிலிருந்தே நேரம் எழுதுங்கள். விலையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றாலும், எவ்வளவைக் குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்கலாம்.

இந்தக் கேள்வி எமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பென்ட் என்றொரு கறுப்பின மக்களின் கிராமம் இருக்கிறது. முன்னோர் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அங்குள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த உடுப்புகளில் போர்வை தைத்தவர்கள், வீட்டுக் குளிருக்காக. நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றி நாடா தைக்கும் முறையை அவர்கள் வீட்டுக்கூரை என்று அழைக்கிறார்கள். நான் மேலே சொன்ன குஷன் உறை அதுதான். அக்கரையில் உள்ள நகரத்தில் இவர்கள் வாக்காளராகப் பதியப் போகத் தொடங்கிய காலத்தில், 1962இல், ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது திரும்ப வந்தது 2006இல். இடையில் நாற்பத்து நாலு வருடம் சுற்றுப்பாதை.

1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் பிரீடம் குயில்ற்றிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயோர்க் வரை போய் விற்றன. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் தலையணை உறைகள் தைக்கும் வேலையைக் கொடுத்தது. கடை கேட்டது ஒரே மாதிரியான உறைகள். அதில் மிஞ்சிய கோடுபோட்ட தடித்த வெல்வெற் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் விருப்பப்படி போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அரும்பொருளகத்தில் அந்த ஊர்ப் போர்வைகளின் கண்காட்சி நடந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. 2006இல் தபால் முத்திரையிலும் அச்சிட்டார்கள். அதற்குப் பிறகும் 2007இல், தமக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று தைத்த பெண்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். மறுவருடம் அது இணக்கமாக முடிந்தது. புகழ் வந்தாலும் கணக்குக் கொப்பி வேண்டும் போலிருக்கிறது.

வெட்ட முடியாத துணி

அந்த ஜீஸ் பென்ட் போர்வைகளில் ஒன்றைப் பற்றி நான் எங்கள் குழுவில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பலமுறை யோசித்தேன். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண் தனது கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலை உடுப்புகளையே வெட்டிப் போர்வை தைத்தார். அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்கென்றே தைத்தது. மகள் ஆர்லோன்சியாவும் கூட இருந்து உதவினார். தாயும் மகளும் கத்தரிக்கோல் எடுத்து அந்தச் சட்டைகளை வெட்டியதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அதே வேகத்தில் எங்கள் பெண்களையும் கேட்டேன். உங்களிடம் இருக்கும் உடுப்புகளையும் இப்படிச் செய்யலாமே என்று.

அடுத்த சனிக்கிழமை ஒரு அக்கா சொப்பிங் பையில் இரண்டு சாறமும் ஒரு சேட்டும் கொண்டுவந்தார். கணவர் 2009இல் காணாமற்போனவர். ஒன்றை மேசையில் விரித்து, மட்டையை வைத்துப் பென்சிலால் கோடும் போட்டாயிற்று. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மிஸ், இதை வெட்டிப்போட்டு, அவர் வந்து என்ர சாறம் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, துணிதானே, இப்படியே கிடந்தால் பூச்சி அரிச்சிடும். போர்வையா இருந்தால் பிள்ளைகளாவது போர்ப்பினம்" என்றேன். அவர் சாறத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு கிழமை வரவில்லை.

மிசூரி பெட்வேயின் கணவர் இறந்தவர். அவருக்குச் சாவீடு நடந்தது, புதைகுழி இருந்தது. வெட்டுவதற்கு முன் அந்தத் துணிக்குச் சொந்தக்காரர் இனி வரமாட்டார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எங்கள் அக்காவுக்கு அது தெரியாது. அவரிடம் இருக்கும் சாறம் நினைவுப் பொருள் அல்ல, உடுக்க ஒருவர் வரலாம் என்று வைத்திருக்கும் உடுப்பு. இந்த வித்தியாசத்தைப் படித்து வந்த நான் பார்க்கவில்லை. பார்த்தது கவண்டி தைக்கும் அந்த ஆச்சி.

"பிள்ளை, அதை வெட்டச் சொல்லி ஆர் சொன்னது? முழுசா உள்ளுக்கு வைச்சுத் தைக்கலாம்தானே," என்றார்.

ஆச்சி சொன்னது வங்காளத்தில் நெடுங்காலமாக உள்ள முறை. அங்கே அதைக் காந்தா என்கிறார்கள். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக முழுதாக அடுக்கி, நெருக்கமாக நூலோடிப் போர்வையாக்குவார்கள். சேலைக் கரையிலிருந்து உருவிய நிற நூல்களே தையலுக்கும். பூவும் மீனும் தேரும் தைத்ததை நக்சி காந்தா என்பார்கள். அதை வைத்து ஜசிமுதீன் என்ற கவிஞர் 1929இல் எழுதிய காவியத்தில், கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் ஒருத்தி தன் கதையையே காந்தாவில் தைத்து வைக்கிறாள். 1971 போருக்குப் பிறகு வங்காளதேசத்தில் பல பெண்களுக்கு இந்தத் தையல் பிழைப்புக்கு வழியானது. 1972இல் தொடங்கிய பிராக் என்ற நிறுவனம், கிராமத்துப் பெண்களின் கைப்பணிகளை விற்பதற்காக 1978இல் ஆரோங் என்ற கடையைத் திறந்தது. ஒரு சேலையையும் வெட்டாமல் போர்வை தைக்கலாம் என்பது மட்டும் அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது.

நானும் ஆச்சியும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆச்சி முறையைச் சொன்னார்.

அக்கா தைத்தது இப்படி. தன்னுடைய வொயில் சேலையில் இரண்டு துண்டுகள், மேலுக்கு ஒன்று அடிக்கு ஒன்று. நடுவில் அந்த இரண்டு சாறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூட்டுத் தையலைக் கூடப் பிரிக்கவில்லை, மடித்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படியே. பென்சில் கோட்டை முதலே கழுவிப் போக்கியிருந்தார். நூலோடவும் அவருக்கு விருப்பமில்லை. அதற்கும் ஒரு வழி உண்டு. தடித்த நூலை ஊசியில் கோர்த்து மேலிருந்து கீழே இறக்கி, ¼ அங்குலம் தள்ளி மேலே எடுத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, 1 அங்குலம் விட்டு வெட்டிவிட வேண்டும். 6 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஊசி போன ஓட்டை கழுவும்போது இழைகள் கூடி மூடிவிடும். துணிக்கு ஒரு சேதமும் இல்லை. ஓரத்தை மட்டும் பெரிய தையலாக நூலோடினார். மொத்தம் ஒன்றரை நாள் வேலை.

சேட்டை அவர் உள்ளே வைக்கவில்லை. அது அந்தச் சொப்பிங் பையிலேயே அலுமாரிக்குள் இருக்கிறது. போர்வையைக் கடைசி மகன் போர்த்துக்கொண்டு படுக்கிறான். இந்தக் கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னபோது, முடிச்சுக் கணக்கையும் எழுதச் சொன்னார். 66 முடிச்சுகள். வெட்டி எடுக்கப் பத்து நிமிடம் காணுமாம், சாறம் முழுதாக வருமாம்.